குழந்தைப்பேறின்மையும் மணவாழ்வின் நிறைவும்: பெண்ணாடம் முதல் கீரப்பாளையம் வரை ஒரு வரலாற்றுப் பார்வை

கருத்தடை எதுவுமின்றி ஓராண்டோ அதற்கு மேலோ முறையாக இல்லறம் நடத்தியும் கரு உண்டாகாத நிலையைக் குழந்தைப்பேறின்மை என உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. உலகில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இந்நிலையைச் சந்திக்கின்றனர் என்று அந்நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கை தெரிவிக்கிறது. மருத்துவம் இதனை உடல் சார்ந்த குறையாகப் பார்க்கிறது. தமிழ்ச் சமூகத்தில் இது கணவன் மனைவி உறவையே அளக்கும் கோலாகவும் நெடுங்காலம் இருந்து வந்துள்ளது.

கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் கீரப்பாளையம். அதே பெயர் கொண்ட ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமும் அதுவே. 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதியாக இருந்த இந்த நெல்வயல் நாட்டில், குழந்தைப்பேறின்மை குறித்த மிகப் பழைய வரலாறு ஒன்று வழங்குகிறது. அங்கிருந்து தொடங்கி, குழந்தையின்மை மணவாழ்வின் நிறைவை எவ்வாறு பாதித்தது, வழக்கமும் சட்டமும் மருத்துவமும் அந்தப் பாதிப்பை எவ்வாறு மாற்றின என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. குழந்தை இல்லாமை மட்டுமே இணையரைப் பிரித்ததில்லை; அந்தப் பழியை ஒருவர் தலையில் மட்டும் சுமத்தியதே பல வீடுகளில் பிரிவுக்கு வழி வகுத்தது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

பழந்தமிழ் நூல்களில்

சங்க நூல்கள் மகப்பேற்றை இல்லறத்தின் பயனாகக் கருதின. பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய புறநானூற்றின் 188ஆம் பாடல், எவ்வளவு செல்வம் இருந்தாலும் மழலைகள் இல்லாத வாழ்வு பயனற்றது என்னும் கருத்துடையது. செல்லூர்க் கோசிகன் கண்ணனார் பாடிய அகநானூற்றின் 66ஆம் பாடல், மக்களைப் பெற்றோர் இம்மையிலும் மறுமையிலும் சிறப்படைவர் என்னும் நம்பிக்கையைப் பதிவு செய்கிறது.

அகநானூற்றின் 86ஆம் பாடல் இங்கே தனிக் கவனத்துக்கு உரியது. நல்லாவூர் கிழார் பாடிய அப்பாடலில் அக்காலத் திருமணம் ஒன்று விரிவாகக் காட்டப்படுகிறது. மணமகளை நீராட்டி வாழ்த்துபவர்கள் மகனைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர். திருமணத்தின் முதல் சடங்கிலேயே மகப்பேறு ஒரு தகுதியாக வந்துவிடுகிறது. மகனைப் பெறாத பெண் அந்த நால்வரில் ஒருத்தியாக முடியாது. நலங்கு வைப்பதற்கும் வளைகாப்பில் வளையல் அடுக்குவதற்கும் பிள்ளை பெற்ற சுமங்கலிகளை முன்னே அழைக்கும் இன்றைய வழக்கத்தின் வேர் இவ்வளவு பழமையானது.

திருக்குறள் சற்று வேறுபட்ட நிலையை எடுக்கிறது. இல்வாழ்க்கை, வாழ்க்கைத் துணைநலம், மக்கட்பேறு, அன்புடைமை என்பது வள்ளுவரின் அதிகார வரிசை. துணையின் சிறப்பைப் பேசிய பின்னரே அவர் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறார். துணைநலத்தின் கடைசிக் குறளில் இல்லத்தின் மாண்பையே மங்கலமாகக் கொண்டு, நல்ல மக்களை அதற்கு அழகு சேர்க்கும் நகையாக வைக்கிறார். நகை இல்லாவிட்டாலும் மங்கலம் மங்கலமே என்று இதற்குப் பொருள் கொள்ள இடமுண்டு. பிள்ளை பெறாத மனைவியைப் பழிக்கும் குறள் எதுவும் இல்லை.

இதற்கு மாறாக, வடமொழி மனுதர்ம நூல் மகப்பேறில்லாத மனைவி இருக்கும்போதே எட்டாம் ஆண்டில் வேறொரு பெண்ணை மணந்துகொள்ளலாம் என்று கணவனுக்கு அனுமதி அளித்தது. பெண் குழந்தைகளை மட்டுமே பெற்றவளுக்குப் பதினோராம் ஆண்டு வரை கெடு தந்தது. குறை யாரிடம் என்று ஆராயும் விதி அதில் இல்லை. பிற்காலத்தில் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் இரண்டாம் மணத்துக்குச் சொல்லப்பட்ட நியாயங்கள் இந்த வழியில் வந்தவை.

பெண்ணாடத்து இணையர்

கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள பெண்ணாடம், தேவாரத்தில் திருப்பெண்ணாகடம் எனப்படுகிறது. கி.பி. 13ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்தவர் அச்சுத களப்பாளர். செல்வமும் சிவபக்தியும் நிறைந்த அவருக்கும் அவர் மனைவிக்கும் நெடுநாள் பிள்ளை இல்லை. இருவரும் தம் குலகுருவாகிய திருத்துறையூர்ச் சகலாகம பண்டிதரிடம் சென்று குறையைக் கூறினர்.

பண்டிதர் தேவாரச் சுவடியில் கயிறு சாத்திப் பார்த்தார். சுவடிக் கட்டில் நூலை நுழைத்து, அது சென்ற ஏட்டில் உள்ள பாடலை இறைவனின் விடையாகக் கொள்வது அக்கால வழக்கம். திருஞானசம்பந்தர் திருவெண்காட்டைப் பாடிய பதிகத்தில் ஒரு பாடல் வந்தது. அங்குள்ள முக்குளத்தில் நீராடி வழிபடுவோர் பிள்ளைப்பேறு முதலிய பேறுகளைப் பெறுவர் என்பது அதன் கருத்து. கணவனும் மனைவியும் திருவெண்காடு சென்று மூன்று குளங்களிலும் நீராடி வழிபட்டனர். இப்பிறவியில் உமக்கு மகப்பேறு இல்லை என்று இறைவன் கனவில் கூறியதாகவும், சம்பந்தர் வாக்கை நம்பி வந்தேன் என்று களப்பாளர் உறுதியாக நின்றதாகவும், அதன் பின்னரே பிள்ளை அருளப்பட்டதாகவும் சைவ மரபு கூறும். அவ்வூர் இறைவன் பெயரால் சுவேதவனப்பெருமாள் எனப் பெயரிடப்பட்ட அக்குழந்தையே பின்னாளில் சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார். ஏடு பார்த்துச் சொன்ன சகலாகம பண்டிதரே பின்னர் அவருக்கு மாணவராகி, அருணந்தி சிவம் என்னும் பெயரில் சிவஞான சித்தியார் இயற்றினார்.

இது சமய வரலாறு. இதில் உள்ள அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எனினும் ஒரு சமூகம் எதைத் தகுந்த நடத்தையாகக் கருதியது என்பதை இத்தகைய கதைகள் காட்டும். இருவரும் சேர்ந்தே குருவை நாடுகின்றனர், சேர்ந்தே பயணம் செய்கின்றனர், சேர்ந்தே நீராடுகின்றனர். இரண்டாம் மணம் பற்றிய பேச்சுக்கு இடமில்லை. குறை மனைவியிடம் உள்ளது என்று குருவும் சொல்லவில்லை. இல்லை என்ற விடை வந்தபோது கணவர் மனைவியைக் கைவிடவில்லை. அதே வேளையில், வரலாற்றில் நிலைத்த பெயர் அச்சுத களப்பாளருடையதே. அவர் மனைவி பெரும்பாலும் ‘மனைவியார்’ என்றே குறிக்கப்படுகிறார். துன்பத்தில் சம பங்கு கொண்டவருக்குப் புகழில் அந்தப் பங்கு கிடைக்கவில்லை.

பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, சிதம்பரம், சீர்காழி வழியாகத் திருவெண்காடு செல்வோர் இன்று கீரப்பாளையத்தைக் கடந்து செல்வர். தற்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள அத்தலத்துக்குப் பிள்ளை வரம் வேண்டி இணையர் வருவது இன்றும் தொடர்கிறது.

மாதந்தோறும் ஓர் அறிவிப்பு

கோயிலுக்கு இருவரும் சேர்ந்து சென்றாலும், ஊர் நாவு இருவரையும் ஒன்றாகப் பேசியதில்லை. திருமணமாகிச் சில மாதங்களிலேயே “ஏதாவது விசேஷம் உண்டா?” என்ற கேள்வி தொடங்கிவிடும். அக்கேள்வி பெரும்பாலும் மருமகளிடமே கேட்கப்படும். ‘மலடி’ என்ற சொல் எல்லோர் வாயிலும் வழங்க, ‘மலடன்’ என்ற சொல் அகராதியோடு நின்றுவிட்டது. “அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்” என்னும் பழமொழியும் பெண்ணையே கேலிக்குரியவள் ஆக்குகிறது. அரச மரத்தைச் சுற்றிய ஆணைப் பற்றிப் பழமொழி எதுவும் இல்லை.

பழைய கூட்டுக் குடும்பத்தில் ஒரு வழக்கம் இந்தத் துன்பத்தைப் பலமடங்காக்கியது. மாதவிலக்கான பெண் மூன்று நாள் வீட்டுக்கு வெளியே, திண்ணையிலோ கொல்லைப்புறத்திலோ ஒதுங்கி இருக்க வேண்டும். கருவுற்ற பெண்ணை ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்று சொல்வதும் இவ்வழக்கிலிருந்து வந்ததே. கரு நிற்கவில்லை என்ற செய்தி கணவனுக்கு முன்பாக மாமியாருக்கும் நாத்தனாருக்கும் அடுத்த வீட்டாருக்கும் தெரிந்துவிடும். கணவனும் மனைவியும் தமக்குள் பேசி ஆறுதல் அடைய வேண்டிய ஏமாற்றம், மாதந்தோறும் தெருவுக்கே அறிவிக்கப்பட்டது. வருந்துவதற்குக்கூட அவர்களுக்குத் தனியிடம் கிடைக்கவில்லை.

சடங்குகளில் ஒதுக்கப்படுதல் அடுத்த அடி. வளைகாப்பு, தொட்டில் போடுதல், காது குத்து ஆகியவற்றில் பிள்ளையில்லாதவள் பின்வரிசையில் நிற்க நேரும். பல பெண்கள் உடல்நலமில்லை என்று சொல்லி வீட்டிலேயே தங்கிவிடுவதுண்டு. கணவன் தனியே விருந்துக்குச் சென்று திரும்புவான். இப்படி ஊர் நிகழ்ச்சிகளிலிருந்து ஒருவர் விலகும்போது, இருவருக்கும் பொதுவான உலகம் சுருங்குகிறது. மணவாழ்வின் நிறைவு குறையத் தொடங்கும் இடம் பெரும்பாலும் இதுவே.

சொத்தும் இதில் சேர்ந்துகொண்டது. கொள்ளி வைக்கவும் நிலத்துக்கு வாரிசாகவும் மகன் தேவை என்ற எண்ணம், காவிரிக் கடைமடையின் நிலவுடைமைக் குடும்பங்களில் வலுவாக இருந்தது. பங்காளிகள் காத்திருக்க, பிள்ளையில்லாத மனைவியின் பிற்காலப் பாதுகாப்பு ஆட்டம் கண்டது. நிலமற்ற உழைப்பாளர் குடும்பங்களில் சொத்துக் கவலை குறைவு என்றாலும், வயதான காலத்தில் கஞ்சி ஊற்ற ஆள் இல்லையே என்ற கவலை அதனினும் பெரிதாக இருந்தது.

இரண்டாம் மணமும் சுவீகாரமும்

பிள்ளையில்லாக் குடும்பத்துக்கு முன்னோர் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று கணவனுக்கு இரண்டாம் மணம். மற்றொன்று சுவீகாரம் எனப்படும் தத்தெடுப்பு. முதல் வழி மூத்த மனைவியின் காயத்தின் மேல் கட்டப்பட்டது. அதனால் பிள்ளை பிறக்கும் என்ற உறுதியும் இல்லை. குறை ஆணிடம் இருந்தால், ஒரு பெண் பட்ட துன்பத்தை இரண்டு பெண்கள் படுவதே மிச்சம்.

அரச குடும்பங்களின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. தஞ்சை மராட்டிய மன்னர் துளஜாஜி, தமக்குப் பின் அரசாள மகன் இல்லாததால் 1787இல் சரபோஜியைத் தத்தெடுத்தார். அத்தத்து செல்லுமா என்ற வழக்கு நீண்டு, 1798இல்தான் சரபோஜி அரியணை ஏறினார். சரஸ்வதி மகாலை வளர்த்த அறிஞராக அவர் இன்று அறியப்படுகிறார். அவருடைய மகன் சிவாஜிக்குப் பல மனைவியர் இருந்தும் ஆண் வாரிசு இல்லை. 1855இல் அவர் இறந்தபோது மகள்கள் இருந்தும், ஆண் வாரிசில்லை என்று காரணம் காட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி தஞ்சை அரசை முடித்துவைத்தது. பல திருமணங்கள் தர இயலாததை ஒரு தத்து முந்தைய தலைமுறையில் தந்திருந்தது.

இராமநாதபுரம் சமஸ்தானத்தில் கணவரை இழந்த இராணி பர்வதவர்த்தினி நாச்சியார் ஒரு மகனைத் தத்தெடுத்தார். கணவர் அனுமதி தராமல் மனைவி தத்தெடுக்கலாமா என்ற கேள்வி இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. தென்னாட்டு வழக்கப்படி கணவரின் உறவினர் இசைந்தால் கைம்பெண் தத்தெடுப்பது செல்லும் என்று 1868இல் தீர்ப்பு வந்தது. இந்து சட்ட வரலாற்றில் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு இது. பெண்ணுக்கு ஒரு கதவு திறந்தது. ஆயினும் அதன் சாவி உறவினர் கையிலேயே இருந்தது.

யாழ்ப்பாணத் தமிழரிடையே ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டையொட்டித் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டமும் தத்தெடுப்புக்கு இடம் தருகிறது. அங்கு மஞ்சள் நீர் அருந்துவது அதற்குரிய சடங்கு. கடலின் இரு கரையிலும் தமிழர்கள் ‘பெற்றால்தான் பிள்ளை’ என்ற நிலையில் நின்றுவிடவில்லை என்பதற்கு இவை சான்று.

சட்டம் கொண்டுவந்த மாற்றங்கள்

1949ஆம் ஆண்டின் சென்னை மாகாண இந்து இருதார மணத் தடை மற்றும் மணமுறிவுச் சட்டம், மனைவி இருக்கும்போது மறுமணம் செய்வதைத் தடுத்தது. 1955இல் வந்த இந்து திருமணச் சட்டம் இத்தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. ‘பிள்ளை இல்லை, அதனால் இன்னொருத்தி’ என்ற பழைய நியாயம் அன்றுடன் சட்டத்தின் துணையை இழந்தது.

இச்சட்டத்தில் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. உடலுறவு கொள்ள இயலாமை திருமணத்தைச் செல்லாததாக்கக் கோரும் காரணமாக ஏற்கப்படுகிறது. பிள்ளை பெற இயலாமை அவ்வாறு ஏற்கப்படவில்லை. மணமுறிவுக்கும் அது காரணமாகாது. மகப்பேறு இல்லாத திருமணமும் முழுமையான திருமணமே என்பது சட்டத்தின் நிலைப்பாடு. பேச்சு வழக்கில் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிக் குழப்புவது இன்றும் தொடர்கிறது. ஆண்கள் மருத்துவச் சோதனைக்கு அஞ்சுவதற்கு இக்குழப்பம் ஒரு பெரிய காரணம்.

1956இன் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் பெண் குழந்தையையும் தத்தெடுக்க வழி செய்தது. கணவன் தத்தெடுக்க மனைவியின் இசைவு தேவை என்றது. எனினும் மணவாழ்வில் இருக்கும் மனைவி தன் பெயரில் தத்தெடுக்க முடியாது என்ற குறை நீடித்தது. 2010இல் செய்யப்பட்ட திருத்தம் அக்குறையை நீக்கி, கணவனின் இசைவோடு மனைவியும் தத்தெடுக்கலாம் என்றது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி சென்றது. பிள்ளை இல்லை என்றோ ஆண் பிள்ளை இல்லை என்றோ பெண்ணை இழிவாகப் பேசுவதைச் சொல்வழி வன்முறை என்று அது வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. ஊர் நாவு பேசிவந்ததைச் சட்டம் முதன்முறையாகக் குற்றத்தின் பக்கம் நகர்த்தியது.

சட்டத்துக்கு இணையாகப் பொதுவாழ்வின் முன்மாதிரிகளும் உதவின. பெரியாருக்கும் நாகம்மையாருக்கும் பிறந்த ஒரே பெண் குழந்தை ஐந்து மாதத்தில் இறந்தது; பின்னர் பிள்ளை இல்லை. வைக்கம் போராட்டத்தில் முன்னணியில் நின்ற நாகம்மையார், 1933இல் மறையும் வரை கணவரின் பொதுப்பணியில் தோழராகவே வாழ்ந்தார். சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்த 1967ஆம் ஆண்டின் திருத்தத்தைக் கொண்டுவந்த முதலமைச்சர் அண்ணாவுக்கும் இராணி அம்மையாருக்கும் சொந்தப் பிள்ளைகள் இல்லை. அண்ணாவின் தமக்கை வழிப் பேரப்பிள்ளைகளைத் தத்தெடுத்து அவர்கள் வளர்த்தனர்.

விதையும் வயலும்: மருத்துவம் பழியை மாற்றிய விதம்

பெண்ணை நிலமாகவும் ஆணை விதையாகவும் உருவகிப்பது இந்தியா முழுவதும் உள்ள பழைய வழக்கம். பயிர் விளையாவிட்டால் நிலத்தைக் குறை கூறுவது இதன் விளைவு. ஆனால் கீரப்பாளையம் பகுதி உழவர் ஒருவரிடம் கேட்டால் வேறு விடை கிடைக்கும். நாற்றங்காலில் முளைப்பு சரியில்லை என்றால் அவர் முதலில் சந்தேகப்படுவது விதைநெல்லையே. விதைக்கும் முன் உப்புக் கரைசலில் இட்டு, மிதக்கும் பதரை நீக்குவது அவர் அறிந்த தொழில்முறை. வயலில் காட்டிய இந்த நியாயத்தை வீட்டில் காட்டாததுதான் வியப்பு.

1677இல் ஒல்லாந்தரான லூவன்ஹுக் நுண்ணோக்கியில் விந்தணுவைக் கண்டார். 1827இல் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேர் பாலூட்டிகளின் சினைமுட்டையைக் கண்டறிந்தார். கரு உருவாக இருவர் பங்கும் தேவை என்பது இவ்வாறு படிப்படியாகத் தெளிவாயிற்று. குழந்தைப்பேறில்லாத இணையரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் பங்கு கொள்கிறது என்பது இன்றைய மருத்துவத்தின் பொதுவான கணிப்பு. விந்தணு எண்ணிக்கைக் குறைவு, அதன் அசைவுக் குறைவு, விதைப்பை நரம்புச் சுருள் ஆகியவை ஆண்களிடத்தும், சினைமுட்டை வெளிப்படாமை, கருக்குழாய் அடைப்பு முதலியவை பெண்களிடத்தும் காணப்படும் காரணங்கள். எந்தக் காரணமும் புலப்படாத இணையரும் உண்டு.

1978 சூலை 25இல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையாகப் பிறந்தார். அதே ஆண்டு அக்டோபர் 3இல் கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்தியாய் இந்தியாவின் முதல் முயற்சியில் வெற்றி கண்டார். அன்றைய அதிகார அமைப்பு அவரை நம்பவில்லை. மனமுடைந்த அவர் 1981இல் உயிரை மாய்த்துக்கொண்டார். மறைந்து பல ஆண்டுகள் கழித்தே அவர் சாதனை ஏற்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990இல் சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜின் பொறுப்பில் பிறந்தது. ஒரே விந்தணுவைச் சினைமுட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் முறை 1992இல் பெல்சியத்திலிருந்து அறிவிக்கப்பட்டது. ஆண் தரப்புக் குறைக்கும் மருத்துவம் உண்டு என்ற நிலை அப்போதுதான் உறுதியாயிற்று.

புனைவில் ஒரு மணவாழ்வு

குழந்தைப்பேறின்மை நல்ல மணவாழ்வை எப்படி அரிக்கும் என்பதைத் தமிழில் விரிவாகப் பேசிய புதினம் பெருமாள்முருகனின் மாதொருபாகன். 2010இல் வெளிவந்த அது, ஆங்கிலேயர் ஆட்சிக்காலத் திருச்செங்கோட்டுப் பகுதியைக் களமாகக் கொண்டது. அதில் வரும் காளியும் பொன்னாவும் ஒருவரை ஒருவர் விரும்பி வாழும் உழவர் இணையர். மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவர்களுக்கிடையே அன்புக்குக் குறைவில்லை. ஊராரின் குத்தல் பேச்சும் உறவினரின் வற்புறுத்தலுமே இருவருக்கும் நடுவே ஐயத்தை விதைக்கின்றன. பிள்ளைக்காகக் குடும்பத்தார் செய்யும் ஏற்பாடு ஒன்றில், உண்மை ஒருவரிடமிருந்து மறைக்கப்படுவதே உறவை உடைக்கிறது.

இப்புதினம் 2014ஆம் ஆண்டின் இறுதியில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. எழுத்தாளர் எழுதுவதையே நிறுத்துவதாக 2015 சனவரியில் அறிவித்தார். 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் நூலுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஊர்ப்பெருமை குறித்த வாதங்களின் இரைச்சலில், பிள்ளையில்லாத இணையரின் துயரம் என்ற நூலின் மையப்பொருள் போதிய கவனம் பெறவில்லை.

மணநிறைவு பற்றிய ஆய்வுகள்

மணவாழ்வின் நிறைவை அளக்கும் முயற்சி 20ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. 1959இல் லாக், வாலஸ் ஆகியோர் உருவாக்கிய வினாப்பட்டியலும், 1976இல் கிரஹாம் ஸ்பேனியர் உருவாக்கிய அளவுகோலும் பரவலாகப் பயன்பட்டன. கருத்து ஒற்றுமை, அன்பை வெளிப்படுத்தல், சேர்ந்து செய்யும் செயல்கள், உறவில் மனநிறைவு ஆகியவற்றை ஸ்பேனியர் அளவுகோல் தனித்தனியே மதிப்பிடுகிறது. குழந்தைப்பேறின்மையால் வரும் மன அழுத்தத்தை அளக்க 1999இல் நியூட்டன் குழுவினர் தனி வினாப்பட்டியல் அமைத்தனர். சமூகத்தின் பார்வை, பாலுறவு, கணவன் மனைவி உறவு, பெற்றோராகும் ஏக்கம், பிள்ளையற்ற வாழ்வை ஏற்க மறுத்தல் என ஐந்து கூறுகளை அது பிரித்துக் காட்டியது.

டென்மார்க்கில் லோன் ஷ்மிட் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு பலரும் எதிர்பாராதது. சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர், இத்துன்பம் தங்களை நெருக்கமாக்கியது என்றனர். குறையைப் பிறரிடம் மறைத்து வைத்த ஆண்களுக்கும், துணையோடு மனம்விட்டுப் பேச இயலாத ஆண்களுக்கும் அந்த நெருக்கம் குறைவாகவே கிட்டியது. ஐரோப்பிய முடிவை அப்படியே தமிழகத்துக்குப் பொருத்த முடியாது. ஆயினும் பெண்ணாடத்துக் கதையும் திருச்செங்கோட்டுப் புதினமும் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது: சேர்ந்து சுமந்த துன்பம் இணைத்தது, மறைத்து வைத்த துன்பம் பிரித்தது.

கேரளத்தில் பிள்ளையில்லாப் பெண்களிடையே கள ஆய்வு செய்த அமெரிக்கச் சமூகவியலாளர் கேத்தரின் ரீஸ்மன், தம் முடிவுகளை 2000இல் வெளியிட்டார். அப்பெண்கள் பழியை வாய்மூடி ஏற்பவர்களாக மட்டும் இல்லை என்று அவர் காட்டினார். சிலர் பேச்சைத் தவிர்த்தனர். சிலர் நேருக்கு நேர் பதில் கூறினர். வயதும் வசதியும் கூடியவர்களால் எளிதாக எதிர்த்து நிற்க முடிந்தது. ஏழை இளம்பெண்களுக்கே பழியின் முழு எடையும் விழுந்தது.

கீரப்பாளையத்திலிருந்து பார்த்தால்

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள் என்பது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கு. ஒன்றிரண்டு பிள்ளைகளோடு குடும்பம் நின்றுவிடும் இக்காலத்தில், தம்பி பிள்ளையை அண்ணன் வளர்க்கும் பழைய வழி அருகி வருகிறது. கூட்டுக் குடும்பம் கலைந்ததால் மாதந்தோறும் திண்ணை அறிவிப்பு இல்லை. அதன் இடத்தைக் கைபேசியில் வரும் விசாரிப்புகள் பிடித்துள்ளன.

மருத்துவ வசதி அருகே வந்துவிட்டது. அண்ணாமலை நகரில் 1985இல் தொடங்கப்பட்ட இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, இப்போது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக இயங்குகிறது. கீரப்பாளையத்திலிருந்து நகரப் பேருந்தில் சென்றுவிடும் தொலைவு அது. சோதனைக்குழாய் முறை போன்ற உயர் சிகிச்சைக்குப் பெரும்பாலோர் வெளியூர்த் தனியார் மையங்களையே நாடுகின்றனர். அதற்காக நகையை அடகு வைப்பதும் நிலத்தை விற்பதும் நடக்கிறது. ஒருமுறை தோற்றால் பணமும் மனமும் சேர்ந்தே உடைகின்றன. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் அண்மையில் அரசின் செயற்கைக் கருத்தரிப்பு மையம் தொடங்கப்பட்டிருப்பது ஏழை இணையருக்கு ஒரு நம்பிக்கை. செயற்கைக் கருத்தரிப்பு மையங்களையும் வாடகைத் தாய் முறையையும் ஒழுங்குபடுத்தும் இரு நடுவண் சட்டங்கள் 2021இல் நிறைவேறின.

இப்பகுதிக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் கணவர், ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை சில வாரங்கள் வந்து செல்கிறார். மணமாகி ஐந்தாண்டு ஆகியும் பிள்ளையில்லை என்று ஊர் கணக்கிடும்போது, அந்த இணையர் சேர்ந்திருந்த நாள்களைக் கூட்டினால் ஓராண்டுகூடத் தேறாது. மருத்துவ வரையறைப்படி அவர்களிடம் குறை இருப்பதாகவே சொல்ல முடியாது. ஆயினும் அந்த ஐந்தாண்டுப் பேச்சையும் கேட்பவள் ஊரில் இருக்கும் மனைவி மட்டுமே.

மருத்துவர்கள் வலியுறுத்துவது எளிய ஒரு செய்தி. முதல் நாளே இருவரும் சேர்ந்து வர வேண்டும். ஆணுக்குரிய விந்துச் சோதனை எளியது, செலவு குறைந்தது, வலியற்றது. பெண்ணுக்குரிய சோதனைகள் பலவும் அதைவிடக் கடினமானவை. இருந்தும் பல குடும்பங்களில் மனைவி எல்லாச் சோதனைகளையும் முடித்த பின்னரே கணவரின் முறை வருகிறது. அதற்குள் சில ஆண்டுகளும், கருத்தரிப்புக்கு உகந்த வயதும் கழிந்துவிடுகின்றன.

தொகுப்புரை

சங்ககாலத் திருமணச் சடங்கு முதல் இன்றைய கருத்தரிப்பு மையம் வரை, தமிழர் வாழ்வில் மகப்பேறு மங்கலமாகவே கருதப்பட்டு வந்துள்ளது. அந்த விருப்பத்தில் பிழையில்லை. பேறு வாய்க்காதபோது இருவருக்கும் பொதுவான குறையை ஒருத்தியின் குற்றமாக்கியதே பிழை. மணநிறைவைக் குலைத்தது பெரும்பாலும் அதுவே. சட்டம் இரண்டாம் மணத்தைத் தடுத்தது. பழிச்சொல்லை வன்முறை என்றது. தத்தெடுப்பில் மனைவிக்கும் உரிமை தந்தது. மருத்துவம் விதையையும் சோதிக்கச் சொன்னது. எஞ்சியிருப்பது வீட்டுக்குள் நடக்க வேண்டிய மாற்றம். சோதனைக்கூடத்துக்கும் கோயில் குளத்துக்கும் தத்தெடுப்பு மையத்துக்கும் கணவனும் மனைவியும் சேர்ந்தே செல்ல வேண்டும் என்பதைப் பெண்ணாடத்து இணையர் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்து காட்டியுள்ளனர்.